பூ போட்ட வீடு

உப்பளத்து நகர் ஏழாவது பிளாக்கில், நாலாவது மாடியின் கடைசி வீடான நானூற்றுப் பன்னிரண்டின் கதவு ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு மூடிக்கொண்டு, அதற்கப்புறம் நாற்பத்தொரு நாள் திறக்கவில்லை. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் விழவில்லை, மழையில் மரம் ஊதிக்கொண்டது என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் அது சித்திரை மாதம், கதவும் தகரக் கதவு. உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணியான நதியா இருந்தாள். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்த அவள் புருஷன் டில்லிபாபு முதலில் தட்டினான், பிறகு கூப்பிட்டான், பிறகு தோளால் இடித்தான், கடைசியில் வராண்டா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது அவள் இரண்டு கையாலும் கதவின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“தாப்பா போட்டுக்கினியா?”

“நான் ஒண்ணும் போடல. அப்டியே நின்னுடுச்சு.”

பூட்டு ரிப்பேர்க்காரர் வந்தார், பூட்டே இல்லாத இடத்தில் தனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் போனார். வெல்டிங் பட்டறை ஆள் வந்து தகரத்தை அறுத்தான், அறுக்க அறுக்க அறுத்த வாய் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது, ஜன்னல் கம்பியும் அப்படியே. சுவரை இடித்தார்கள். அந்தக் குடியிருப்பில் சுவர் என்பது காலண்டருக்கு ஆணி அடித்தாலே உதிர்கிற சாமான்தான், ஆனால் அன்றைக்கு மூன்று செங்கல் எடுத்தால் பின்னால் மூன்று செங்கல் இருந்தது, அதை எடுத்தால் இன்னும் மூன்று, இருட்டுவதற்குள் ஓர் அறை கட்டுமளவுக்குச் செங்கல் வராண்டாவில் குவிந்தும் சுவர் இருந்த இடத்தில் இருந்தது. மறுநாள் காலையில் அந்தச் செங்கலை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப்போய்த் தண்ணீர்க் குடம் வைக்க மேடை கட்டிக்கொண்டார்கள். சும்மா கிடப்பதை விட்டுவைக்க அந்த ஜனங்களுக்கு மனசு வராது, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இந்தச் செய்தியை மறுநாள் காலை பிளாக்கின் கீழேயே கேட்டாள் ஞானசௌந்தரி. பதினோரு வருஷமாக அந்த ஏழு பிளாக்கையும் ஏறி இறங்கும் சுகாதாரக் களப்பணியாளர் அவள். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் உண்டா என்று கேட்பது, தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, மாசமாக இருப்பவர்களைப் பட்டியல் எடுப்பது, எல்லாம் முடிந்ததும் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவது, இவ்வளவும் அவள் வேலை. ஜனங்களுக்கு அவள் ‘கார்டு அக்கா’. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு பார்க்க வேண்டும். லிஃப்ட் என்று ஒன்று இருந்தது, அது திறப்பு விழா அன்றைக்கு ஓடியது. ஞானசௌந்தரிக்கு ஐம்பத்திரண்டு வயது, வலது முட்டி ஏறும்போதும் வலிக்கும், இறங்கும்போது அதைவிட வலிக்கும்.

“பன்னெண்டே முக்காலுக்கு சாத்திக்கிச்சாம்க்கா,” என்று கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னபோது அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள், ஏனென்றால் அந்த நேரம் அதில் இருந்தது.

நடந்தது இதுதான், மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. முந்தின நாள் அவள் நூற்று நாற்பத்தொன்பது வீடு முடித்திருந்தாள். நானூற்றுப் பதினொன்றில் ஜைத்தூன் பீக்குப் பிரஷர் பார்த்துவிட்டு வெளியே வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. சூப்பர்வைசர் கருணாகரன். “நூத்தம்பது ஆச்சாம்மா?” “ஆச்சு சார்.” பாக்கி ஒரே ஒரு வீடு, வராண்டாவின் கோடியில், இருபது அடி எடுத்து வைத்தால் வந்துவிடும். அவள் அந்த இருபது அடியைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள், நோட்டைத் திறந்து 412-க்கு நேராக ‘பூ’ என்று எழுதி, 12.45 என்று நேரமும் போட்டாள். ‘பூ’ என்றால் பூட்டிய வீடு. களப்பணியில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், முழுசாக எழுத யாருக்கு நேரம் இருக்கிறது. உண்மையாகவே பூட்டியிருந்தாலும் ‘பூ’, கால் வலித்தாலும் ‘பூ’, அதிகாரி அவசரப்படுத்தினாலும் ‘பூ’. பதினோரு வருஷத்து நோட்டுகளைப் பிரித்தால் பக்கத்துக்கு நாலைந்து பூவாவது இருக்கும். அவற்றில் எத்தனை நிஜம், எத்தனை பொய் என்று அவளுக்கே இப்போது தெரியாது.

அன்றைக்கு நாலு மாடியும் ஏறி அவள் முதலில் போனது 412-க்குத்தான். நதியா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண், முகம் பார்த்தால் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவள் போல இருக்கும்.

“நேத்து நீ வருவேன்னு பாத்துகினே இருந்தேன்க்கா,” என்றாள் நதியா. “ஜைத்தூன்மா கதவத் தட்டுன சத்தம் கேட்டுச்சு. அடுத்து இங்கதான்னு தலையெல்லாம் வாரிகினு கதவாண்ட நின்னேன். நேரமாச்சேன்னு தொறந்து பாக்கலாம்னு இழுத்தேன், வரல.”

“எதுக்கும்மா பாத்துகினு இருந்த?”

“கால் வீங்குதுக்கா. உன்னாண்ட காட்லாம்னுதான்.”

அவள் ஒரு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து பாதத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஞானசௌந்தரி கம்பிக்குள் கையை விட்டுக் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய இடத்தில் குழி விழுந்து, எடுத்த பிறகும் வெகு நேரம் அப்படியே இருந்தது. நதியா கையை முழங்கைக்கு மேல் வெளியே நீட்ட, பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. தான் எழுதிய ‘பூ’வைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பின்னால் டில்லிபாபு நின்றிருந்தான், தோள் இரண்டும் இடித்து இடித்துக் கன்றிப் போயிருந்தன. “உப்பக் கொறச்சுக்கோ, கண்ணு,” என்று மட்டும் சொன்னாள்.

முதல் வாரம் எல்லோருக்கும் அதே பேச்சு. கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், பாஸ்டர் எண்ணெய் தடவினார், ஜைத்தூன் பீ தர்காவிலிருந்து தாயத்துக் கொண்டுவந்து பக்கத்திலேயே தொங்கவிட்டாள், மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் அங்கேயே கிடந்தன. மனுக் கொடுத்ததில் வீடு ஒதுக்கும் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார், நதியாவிடமே ஜன்னல் வழியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தார், பிறகு ‘இவ்வீடு பூட்டியே கிடப்பதால் குடியிருப்போர் இல்லை எனக் கருதி ஒதுக்கீடு ஏன் ரத்து செய்யப்படக் கூடாது’ என்ற நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு இறங்கினார்.

இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டது. நாலாவது மாடிக்குக் குழாயில் தண்ணீர் ஏறாததால் லாரித் தண்ணீரை ஜன்னல் வழியாக டியூப் போட்டு உள்ளே விட்டார்கள், சோறு தட்டில் போகாமல் பொட்டலமாகப் போனது, சாயங்காலம் பெண்கள் அவளை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து வெளியிலிருந்தே தலை பின்னிவிட்டார்கள். டில்லிபாபு ஜன்னலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டான், அவன் ஒரு கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தபடி தூங்குவதை வேலைக்குக் கிளம்புகிறவர்கள் விடியலில் பார்த்துவிட்டு, கால் படாமல் ஓரமாகத் தாண்டிப் போனார்கள். யாரோ அந்தக் கைப்பிடியில் துவைத்த துணியைக் காயப்போட்டார்கள். திறக்காத கதவு ஊரில் எத்தனையோ இருக்கிறது, அதில் இதுவும் ஒன்று என்று ஆகிப்போனது. ஆனாலும் ஒருவர்கூட அவளைப் பட்டினி போடவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழகாதவள் ஞானசௌந்தரி ஒருத்திதான். வீட்டில் பிளேடு எடுத்து அந்த ‘பூ’வைச் சுரண்டினாள், காகிதம் மெலிந்து ஓட்டை விழுந்தது, காலையில் ஓட்டை அடைபட்டு எழுத்து முன்னைவிடக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தையே கிழித்து அடுப்பில் போட்டாள். சாயங்காலம் நோட்டைத் திறந்தால் பக்கம் இருந்தது. சூப்பர்வைசரிடம் போய், ஒரு ‘பூ’வை மாற்ற வேண்டும், என்ன செய்வது என்று சுற்றி வளைத்துக் கேட்டாள்.

“எழுதுனது எழுதுனதுதாம்மா. கார்டுல அன்னிக்குத் தேதியில கையெழுத்து இருந்தா போன மாதிரி கணக்கு. இல்லன்னா போகாத மாதிரி கணக்கு. இதுல உனக்கு என்ன கொழப்பம்?”

அவளுக்கு அது வழியாகப் பட்டது. புத்தி எவ்வளவு தூரம் கெட்டிருந்தால் அது வழியாகப் பட்டிருக்கும். கதவின் உள்பக்கத்து அட்டையைப் பிய்த்துத் தரச்சொல்லி நதியாவிடம் கேட்டாள். நதியா தோசைத் திருப்பியால் நெம்பி, கிழியாமல் எடுத்து, ஏன் எதற்கு என்று கேட்காமல் கம்பி வழியாக நீட்டினாள். வரிசையாக அவள் கையெழுத்து, அதற்கடுத்து அந்தப் புதன்கிழமைக்குப் போட்டிருக்க வேண்டிய கட்டம் காலி. ஞானசௌந்தரி அந்தத் தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டு, மையை ஊதிக் காயவைத்தாள். கதவு திறக்கவில்லை. ஜன்னல் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன, அவசரமில்லாமல், பக்கத்தில் இடம் கேட்டு நகர்ந்து உட்காருகிறவர்களைப் போல. நின்றபோது இரண்டு கம்பிக்கு நடுவில் மூன்று விரல் இடம்தான் பாக்கி. நதியாவின் கை மணிக்கட்டோடு நின்றுபோனது. அன்றிலிருந்து பிரஷர் பார்க்க முடியவில்லை.

ஜனங்கள் இதையும் ஏற்றுக்கொண்டார்கள். தோசையைப் பாய் மாதிரி சுருட்டி உள்ளே விட்டார்கள், சோற்றை உருட்டி விரல் விரலாகக் கொடுத்தார்கள். சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒருநாள் ஏறி வந்து, மூன்று விரல் சந்தில் முகத்தைப் பார்த்து, மாத்திரை கொடுத்து, “ஒன்பதாம் மாசத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்த்தே ஆகணும், வீட்ல பிரசவம்னா ரெண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்ல,” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். ஞானசௌந்தரி அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று, அது சின்னது. பதினோரு வருஷமாக ‘கார்டு அக்கா வந்துட்டாங்க’ என்று தன் முகத்துக்கு நேராகத் திறந்த கதவுகள் எல்லாம் என்ன நினைக்கும் என்ற பயம் ஒன்று, அதுதான் அவள் வாயைக் கட்டிப் போட்டது.

எட்டாம் மாசத்தில் வளைகாப்பு. ஜன்னலுக்குக் குங்குமம் வைத்து, வராண்டாவில் கோலம் போட்டு, ஐந்து வகைச் சாதத்தையும் உருண்டையாகப் பிடித்து, பெண்கள் வரிசையில் நின்றார்கள். நதியா இரண்டு கையையும் மணிக்கட்டு வரை வெளியே நீட்டினாள். போன மாதம் அவள் போட்டிருந்த அளவைப் பார்த்துத்தான் டில்லிபாபு கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தான். முதல் வளையல் விரல் முட்டியோடு நின்றது. சோப்புத் தடவினார்கள். இரண்டாவதை அழுத்தியபோது உடைந்து கையில் ரத்தம் வந்தது, உடைந்ததைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அளவு தப்பா வாங்கினு வந்துக்கீறான், வேற இன்னா,” என்று ஜைத்தூன் பீ சமாளித்தாள்.

ஞானசௌந்தரி அந்த விரல்களைப் பார்த்தாள். அளவு தப்பில்லை, கை வீங்கியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள், அவளும் சேர்ந்து பாடினாள்.

நாற்பத்தொன்றாவது நாள், செவ்வாய்க்கிழமை. வராண்டா முழுக்கக் குடங்கள் வரிசையாக இருந்தன, லாரி வரும் நேரம். நதியா ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“தல வலி தாங்கலக்கா. கண்ணுல பொறி பொறியா பறக்குது. உன் மூஞ்சி ரெண்டா தெரியுது.”

அது என்னவென்று ஞானசௌந்தரிக்குத் தெரியும். அடுத்து வலிப்பு, அதற்கடுத்து என்ன என்று பயிற்சியில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் குடங்களோடு நின்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“இந்த வீடு பூட்டல,” என்றாள். “அன்னிக்கு நான் வரல.”

யாருக்கும் விளங்கவில்லை. “இன்னா சௌந்தரி சொல்ற?” என்றாள் ஜைத்தூன் பீ.

“அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தேன், இந்த வீட்டுக்கு வரல. கால் வலிச்சுது. வராமலே பூன்னு எழுதிட்டேன்.”

“பூவா? இன்னா பூ?”

“பூட்டுன வீடுன்னு அர்த்தம். நான் எழுதுன நேரத்துலதான் கதவு சாத்திக்கிச்சு. மொத நாளே எனக்குத் தெரியும். அப்பால கார்டுல பொய்க் கையெழுத்துப் போட்டேன், கம்பி நெருங்கிச்சு. அதுவும் நான்தான்.”

குடத்தின் மேல் நோட்டை வைத்து, 412-க்கு நேராக, ‘நான் போகவில்லை’ என்று முழுசாக எழுதி, எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். கதவு திறந்தது. கீலுக்கு எண்ணெய் போடாத கதவு எந்தச் சத்தத்தோடு திறக்குமோ அந்தச் சத்தத்தோடு திறந்தது, யாரும் அதை வேடிக்கை பார்க்க நிற்கவில்லை, டில்லிபாபு உள்ளே ஓடினான், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நதியாவை உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஞானசௌந்தரி முட்டியை மறந்து கூடவே ஓடினாள், நதியா நாக்கைக் கடித்துவிடாதபடி தலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டாள், ஆம்புலன்ஸில் ஏறப்போனபோது டில்லிபாபு அவள் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தினான்.

நதியா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை, தலை நிறைய முடி இருந்தது என்று ஜைத்தூன் பீ வந்து வராண்டாவில் சொன்னாள். நாலு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், அதையும் சொன்னாள்.

ஞானசௌந்தரியை யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. சூப்பர்வைசர் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த ஏழு பிளாக் ஏற வேறு யாரும் முன்வராததால் அவளையே திரும்பவும் அனுப்பினார். அவள் முதல் வீட்டைத் தட்டினாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, தட்டியதும் சத்தம் குறைந்தது, கதவு திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் குக்கர் விசில் அடித்தது, திறக்கவில்லை. நூற்றைம்பது வீட்டையும் தட்டினாள், நூற்றைம்பதும் உள்ளே ஆள் இருந்து திறக்காத வீடுகள். ‘பூ’ என்று எழுதியிருந்தால் அன்றைக்குத்தான் அது நிஜமாக இருந்திருக்கும், ஆனால் அந்த எழுத்தைப் போட அவளுக்குக் கை வரவில்லை. ‘தட்டினேன், நின்றேன், திறக்கவில்லை’ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் முழுசாக எழுதினாள். மறுநாளும் எழுதினாள். ஆறு மாதத்துக்கு வர வேண்டிய நோட்டு பத்து நாளில் தீர்ந்தது, சொந்தமாக ஒன்று வாங்கி அதிலும் எழுதினாள். ஒவ்வொரு நாளும் நூற்றைம்பதாவது வீடாக 412-ஐ வைத்துக்கொண்டு, அந்த இருபது அடியை நடந்து போய், தட்டி, நின்று, திரும்பினாள். முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று நினைத்தாள்.

இரண்டரை மாதம் கழித்து, ஆடி மாதத்தில், ஒரு புதன்கிழமை மதியம், 412 திறந்தது.

நதியா மெலிந்திருந்தாள். கையில் வளையல் இல்லை. நகர்ந்து வழி விட்டாள். ஞானசௌந்தரி வாசலைத் தாண்டும்போது அழுதுவிட்டாள், துடைத்துக்கொள்ளவுமில்லை. கதவுக்கு உள்பக்கம் அந்த அட்டையைச் சோற்றுப் பசை தடவித் திரும்பவும் ஒட்டியிருந்தார்கள். அவள் போட்ட பொய்க் கையெழுத்து அதில் இல்லை, தேதியும் இல்லை, அந்தப் புதன்கிழமையின் கட்டம் மை படாததைப் போல வெறுமையாக இருந்தது.

“காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?” என்று கேட்டாள், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

“இல்ல.”

பேனாவைத் திறந்து அட்டைக்கு நேராகக் கையைக் கொண்டுபோனாள். நதியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், வலிக்கும்படி பிடிக்கவில்லை.

“இதுல எழுதாதக்கா,” என்று அந்த வெறுங்கட்டத்தைக் காட்டினாள். “இது அவளோடது.”

ஞானசௌந்தரி தலையாட்டினாள். ஒரு கட்டம் தள்ளி, அன்றைய தேதியைப் போட்டாள்.